விளக்குப்பொறியில் விழும் மஞ்சள் குளவி: கொல்வதா, விடுவதா?

விளக்குப்பொறி வைக்கும் விவசாயி காலையில் சட்டியை எட்டிப் பார்ப்பது ஒரே காரணத்துக்காகத்தான். எத்தனை அந்துப்பூச்சி விழுந்திருக்கிறது? நிறைய விழுந்திருந்தால் மனதுக்கு நிறைவு. 'இத்தனையும் முட்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டே சட்டியை வரப்போரம் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்தச் சோப்புத் தண்ணீரில் அந்துப்பூச்சியோடு வேறு என்னென்ன செத்து மிதக்கின்றன என்று குச்சியால் கிளறிப் பார்ப்பவர்கள் குறைவு.

செஞ்சிப் பக்கம் மார்கழிப் பட்டத்தில் கடலை போடும் ஒரு விவசாயிக்கு அந்தப் பழக்கம் வந்தது. கணவர் இறந்த பிறகு அவர் பங்கு நிலத்தை இவரேதான் பார்த்துக்கொள்கிறார். அடுத்த பங்கு கொழுந்தனாருடையது. கிணறு பொது, மோட்டார் பொது, போன பட்டத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிய சூரியசக்தி விளக்குப்பொறியும் பொது. இரண்டு நிலத்துக்கும் நடுவரப்பில் மூன்று சவுக்குக் கம்புகளைக் கட்டி அதில் தொங்கவிட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் தானாக எரியும். விடியும்வரை எரியும்.

கடலைக்கு அந்தப் பட்டத்தில் பெரிய தொல்லை புரோடீனியா. புகையிலை வெட்டுப்புழு என்று புத்தகத்தில் எழுதுவார்கள்; மருந்துக்கடையில் புரோடீனியா என்றால்தான் புரியும். சட்டியில் அதன் தாய் அந்துப்பூச்சி விழுந்துகொண்டுதான் இருந்தது. கூடவே, ஒரு விரற்கட்டை நீளத்தில் தேன் நிறத்தில், ஒல்லியாக, நீண்ட கால்களும் அதைவிட நீண்ட மீசையுமாக ஒரு பூச்சியும் விழுந்தது. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஐந்து. கொழுந்தனார் அதைப் பொருட்படுத்தவில்லை.

"குளவி அண்ணி அது. கொட்டும். செத்தா நல்லதுதானே?"

"அது கொட்டுறது நம்மள இல்ல தம்பி, புழுவ."

வேளாண் அறிவியல் நிலையத்தில் நடந்த ஒரு பயிற்சியில் இதே பூச்சியின் படத்தைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கி இலையில் கட்டியவர்களுக்கு ஒட்டுண்ணிக் குளவி புதிய சங்கதி அல்ல. அட்டையில் வரும் டிரைக்கோகிரம்மாவும் ஒரு குளவிதான். கண்ணுக்கே தெரியாத அளவு. காசு கொடுத்து அதை வாங்கி வயலில் விடுகிறோம். காசு கொடுக்காமல் தானாக வரும் அதன் பெரிய உறவினரைச் சோப்புத் தண்ணீரில் கொல்கிறோமோ என்பதுதான் அவருக்கு வந்த சந்தேகம். சந்தேகம் சரிதான். ஆனால் அதைச் சரி என்று சொல்லும் முன், விழுந்தது உண்மையிலேயே ஒட்டுண்ணிக் குளவிதானா என்று தெரியவேண்டும். இரவு விளக்குக்கு வரும் மஞ்சளும் பழுப்புமான பூச்சிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல.

மழைக்குப் பின் வரும் ஈசலை யாரும் குளவி என்று ஏமாறமாட்டார்கள். நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருக்கும், தொட்டாலே உதிரும். ஏமாற்றுவது வேறு ஒன்று. தடித்து, தொத்தல் இல்லாமல், பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்ட உடம்போடு விளக்கடியில் தரையில் உழன்றுகொண்டிருக்கும். பெரிய குளவி என்றே பலரும் நினைப்பார்கள். அது டோரிலஸ் என்ற எறும்பின் ஆண். அதன் கூட்டத்து வேலைக்கார எறும்புகள் மண்ணுக்குள்ளேயே இருப்பவை. அந்த வகையில் ஒன்று கிழங்கையும் கடலைக்காயையும் துளைக்கக் கூடியது. அதற்காக இரக்கப்பட வேண்டியதில்லை. இன்னொரு விருந்தாளி மலைத்தேனீ. நிலா வெளிச்சத்தில் பறக்கக்கூடிய தேனீ அது, பக்கத்தில் கூடு இருந்தால் விளக்குக்கும் வந்துவிடும். இரண்டே இறக்கையோடு கொசுவைப் பெரிதாக்கியதுபோல் இருப்பது ஈ வகை. குளவிக்கு நான்கு இறக்கை. பின்னிறக்கை சிறியது, முன்னிறக்கையோடு கொக்கி போட்டதுபோல் சேர்ந்திருப்பதால் ஒன்றுபோலத் தெரியும். ஈர்க்குச்சியால் விலக்கிப் பார்த்தால் பிரியும்.

இரவு ஒட்டுண்ணிக் குளவியை அடையாளம் காட்டுவது அதன் வயிறு. இடுப்பு நூலாக மெலிந்து, அதன்பின் வயிறு பக்கவாட்டில் தட்டையாக அழுத்தியதுபோல் இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு, பக்கத்திலிருந்து பார்த்தால் கதிர் அரிவாள். மீசை உடம்பு நீளத்துக்கு இருக்கும், நூலைப்போல மெல்லியதாக, உயிரோடு இருக்கும்போது நடுங்கிக்கொண்டே இருக்கும். தலையின் இரு பக்கமும் பெரிய கண்கள். நடு உச்சியில் மூன்று சிறு கண்கள், மணிபோல உப்பிப் பளபளக்கும். பகலில் திரியும் குளவிகளுக்கும் அந்த மூன்று கண் உண்டு, ஆனால் இத்தனை பெரிதாக இருக்காது. இருட்டில் பறக்கும் பூச்சிக்கு வெளிச்சம் அதிகம் தேவை. புரோடீனியா புழு, வளர்ந்த பிறகு பகலில் மண்ணிடுக்கிலும் செடியடியிலும் பதுங்கி இரவில்தான் மேய வருகிறது. அதைத் தேடும் குளவியும் இரவில்தான் வரவேண்டும். விளக்குக்கு வருவது அந்த இராப்பயணத்தில் நடக்கும் விபத்து.

இந்தத் தேன் நிறமும் பெரிய கண்ணும் நீண்ட மீசையும் ஒரு குடும்பச் சாயல் இல்லை என்பதுதான் விசித்திரம். இக்நியூமோனிடே என்ற பெரிய குளவிக் குடும்பத்தில் வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக இரவு வாழ்க்கைக்கு மாறி, ஒரே சீருடை போட்டுக்கொண்டவைபோல ஆகியிருக்கின்றன. ஆகவே நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. இறக்கையைத்தான் பார்க்கவேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது, போதும். செல்போன் கேமராவின் முன்னால் அதை வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் நல்லது. செஞ்சிக்காரர் அப்படித்தான் பார்த்தார்.

முன்னிறக்கையின் முன்விளிம்பில் நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தடித்த புள்ளி இருக்கும். அதற்குக் கீழே உள்ள பெரிய அறையில் மயிரே இல்லாத, கண்ணாடி போன்ற ஓரிடம் இருந்து, அதற்குள் சாம்பிராணித் துணுக்கு ஒட்டியதுபோல ஒன்றிரண்டு சிறு மஞ்சள் துகள்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் எனிகோஸ்பைலஸ் பேரினம். அந்தத் துகள் இறக்கையிலேயே உள்ள பகுதி. அழுக்கு என்று நினைத்துத் துடைக்க வேண்டாம். துகள் இல்லாமல், அதே பக்கத்தில் நரம்புகளுக்கு இடையே தனியாக ஒரு குட்டி முக்கோண அறை தெரிந்தால் நெடீலியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். எனிகோஸ்பைலஸுக்கு அந்த முக்கோணம் கிடையாது. இதே நிறத்தில் இவற்றைவிடச் சிறியதாக வருபவை பிரக்கோனிடே என்ற வேறு குடும்பத்தவையாகவும் இருக்கலாம். அவையும் ஒட்டுண்ணிகளே. அவற்றில் ஒரு வகை தாக்கிய புழு இலையிலேயே ஒட்டிக்கொண்டு சுருங்கி மரக்கட்டைபோல ஆகிவிடும். முதுகில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும்.

அதற்குமேல் இனப்பெயரை வயலில் நின்று சொல்லிவிடலாம் என்று நினைக்கக்கூடாது. எனிகோஸ்பைலஸில் மட்டும் உலகில் 700-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்த மஞ்சள் துகளின் வடிவத்தையும் இடத்தையும் வைத்தே நிபுணர்கள் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் அந்துப்பூச்சிப் பொறி வைத்துக் கணக்கெடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களுக்கென்று இரவுக் குளவிகளை இனங்காணும் வழிகாட்டிகள் வந்திருக்கின்றன. அதைப் பார்த்து இங்குள்ளதற்குப் பெயர் வைத்தால் தவறாகிவிடும். குளிர் நாடுகளில் அதிகம் வருவது ஓபியான் என்ற பேரினம், அதன் இறக்கையில் துகள் இருக்காது. வெப்பநாடுகளில் கோலோச்சுவது எனிகோஸ்பைலஸ். நம் பக்கத்து இனங்களுக்கு கால்டு, மிட்செல் இருவரும் 1981-ல் வெளியிட்ட நூல் ஆராய்ச்சியாளர்களுக்கு அடிப்படை. விவசாயிக்கு அது தேவைப்படாது. எனிகோஸ்பைலஸா, நெடீலியாவா என்று தெரிந்தால் அது புழுவை என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும்.

எனிகோஸ்பைலஸ் புழுவின் உடலுக்குள் முட்டை வைக்கும். குஞ்சுப்புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டும். கூடு பழுப்பு நிறம். பல இனங்களில் நடுவில் வெளிறிய பட்டை ஒன்று ஓடும். நெடீலியாவின் வழி வேறு. வளர்ந்த புழுவைத் தேடிப்பிடித்துக் கொட்டிக் கொஞ்ச நேரம் அசையாமல் செய்து, தலைக்குப் பின்னால் கருநிறத்தில் பளபளக்கும் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். முட்டையின் காம்பு தோலுக்குள் நங்கூரம்போல் பதிந்திருப்பதால் புழு தோலுரித்தாலும் விழாது. சற்று நேரத்தில் புழு எழுந்து பழையபடி மேயப் போய்விடும். பிறகு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாற இறங்கும். அந்த மண்ணறைக்குள்தான் குளவிக் குஞ்சு அதைத் தின்று தீர்க்கும்.

இதைத் தெரிந்துகொண்ட கொழுந்தனார் கேட்ட கேள்விக்கு அண்ணியிடம் உடனே பதில் இல்லை. ஒரு காலை கடலைச் செடியைப் புரட்டி, தலைக்குப் பின்னால் கருமணி ஒட்டிய ஒரு புழுவை அவரே பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"பாருங்க அண்ணி. முட்டைய முதுகுல சுமந்துகிட்டே தின்னுகிட்டு இருக்குது. இது சாகறதுக்குள்ள நம்ம இலை போயிடும். இதுக்காகவா விளக்க அணைக்கணும்ங்கிறீங்க?"

நியாயமான கேள்வி. இயற்கை எதிரிகளைப் பற்றிப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவதால்தான் விவசாயிகளுக்கு நம்பிக்கை போகிறது. டிரைக்கோகிரம்மா முட்டையிலேயே முடித்துவிடும், சேதமே இல்லை. இரவுக் குளவிகள் தாக்கிய புழு பயிரைத் தின்றுவிட்டே சாகும். அந்தப் புழு தின்ற இலைக்கு இந்தக் குளவியால் ஈடு இல்லை. அது கொடுப்பது அடுத்த தலைமுறைக் கணக்கில்தான். புரோடீனியாவின் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மாதம். கடலை காய் கட்டி அறுவடையாகும் முன் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சுற்று வந்துவிடும். ஒரு தாய் அந்துப்பூச்சி குவியலாக நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண்ணுக்குள் போன புழு அந்துப்பூச்சியாக வெளியே வராவிட்டால், அந்த முட்டைக் குவியலும் இல்லை. பூ விடும் பருவத்தில் புழுவுக்கு ஒட்டிய முட்டையின் பலன் காய் பிடிக்கும் பருவத்தில் தெரியும். அதுவரை பொறுக்க முடியுமா என்பது செடியில் இப்போது எத்தனை புழு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அண்ணி அன்று சொன்னது இவ்வளவுதான்: "சட்டில விழுந்தத வச்சுச் சண்டை போட வேணாம் தம்பி. புழுவ எடுத்து வளத்துப் பாப்போம்."

உண்மையில் சட்டியில் விழும் குளவி எண்ணிக்கை வயலின் நிலையைச் சொல்லாது. ஆணும் வரும், பெண்ணும் வரும். பக்கத்துக் காட்டிலிருந்தும் வரும். பத்துக் குளவி விழுந்தால் புழுவெல்லாம் செத்துவிடும் என்று மருந்தை நிறுத்துவதும் தப்பு, ஒன்றுமே விழவில்லை என்று பயந்து அடிப்பதும் தப்பு. இருவரும் வயலின் பல இடங்களிலிருந்து இருபது வளர்ந்த புழுக்களை எடுத்தார்கள். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாக்களில் அடியில் நாலு விரற்கடை ஈரமண், மேலே ஆமணக்கு இலை, வாயில் வேட்டித்துணி. டப்பாவுக்கு ஒரு புழு. சேர்த்துப் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. இலையைத் தினமும் மாற்றவேண்டும். நான்கு புழுக்கள் கறுத்து, உடல் தளர்ந்து தலைகீழாகத் தொங்கிச் செத்தன. அது வைரஸ் நோய். ஒன்றிலிருந்து ஈ வந்தது. அதுவும் ஒட்டுண்ணிதான். மூன்று டப்பாக்களின் மண்ணில் கூட்டுப்புழுவுக்குப் பதிலாகக் கருமையான கூடு கிடைத்தது. மீதி வழக்கம்போலச் செம்பழுப்புக் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாக வந்தன. அவற்றைக் கோழிக்குப் போட்டார்கள்.

இந்தச் சோதனை முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். பயிர் அதுவரை காத்திருக்காது. அதனால் நடுவில் இருவரும் சில வேலைகளைச் செய்தார்கள். ஓரத்தில் பொறிப்பயிராகப் போட்டிருந்த ஆமணக்கிலும் கடலையிலும் முட்டைக் குவியலையும், இலையைச் சல்லடையாக்கிக் கூட்டமாக இருக்கும் குஞ்சுப்புழுவையும் இலையோடு கிள்ளி எடுத்தார்கள். என்.பி.வி. வைரஸ் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தார்கள். அது சின்னப் புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், குளவியைத் தொடாது. ரோட்டோரத் துண்டில் பெரிய புழு அதிகம். அங்கே மருந்து தெளிக்க வேண்டும் என்று கொழுந்தனார் உறுதியாக நின்றார். கடைசியில் தெளிப்பதற்குப் பதில், தவிடும் வெல்லமும் மருந்தும் பிசைந்த நச்சுத் தீனியைச் சாயங்காலம் செடியடியில் வைப்பது என்று முடிவானது. இரவில் மேய வரும் புழு அதைத் தின்னும், இலைமேல் திரியும் குளவிக்குச் சேதம் குறைவு. ஆடு, கோழி, நாயை அந்தப் பக்கம் விடாமல் கட்டிப்போட வேண்டியிருந்தது. அதில் ஒரு நாள் வாய்ச்சண்டையும் நடந்தது, அது வேறு கதை.

விளக்கு விஷயத்தில்தான் ஒப்புக்கொள்ள நாளானது. இரவு முழுக்க எரிந்தால் இன்னும் அதிகம் விழுமே என்பது கொழுந்தனார் கட்சி. மாலை இருட்டியதிலிருந்து 9 அல்லது 10 மணிவரை மட்டும் எரியவிடுவதே பொதுவான பரிந்துரை. நன்மை செய்யும் பூச்சிகள் வீணாகச் சாவதைக் குறைக்கத்தான் அது. அவர்கள் விளக்கில் நேரம் வைக்கும் வசதி இருந்தது, கடைக்காரர் அதை முழு இரவுக்கு வைத்துக் கொடுத்திருந்தார். இப்போது 10 மணிக்கு அணைகிறது. இரவு முழுக்க எரியவிட விரும்புகிறவர் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடவேண்டும். புனலுக்குக் கீழே ஒரு மூடிய வாளி, அதற்குள் கோழி முட்டை அடுக்கும் அட்டைகள் நாலைந்து. உள்ளே விழும் பூச்சிகள் அட்டைக் குழிகளில் ஒதுங்கி உட்கார்ந்துவிடும். இங்கிலாந்துக்காரர்கள் அந்துப்பூச்சி பிடிப்பது இந்த முறையில்தான். விடிவதற்குள், குளிரில் பூச்சி மந்தமாக இருக்கும்போதே, அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அந்துப்பூச்சியைக் கொன்றுவிட்டுக் குளவியைச் செடி நிழலில் உதறிவிடலாம். தாமதித்தால் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் முந்திக்கொள்ளும். அவற்றுக்கு நம் பட்டியல் தெரியாது. தினமும் இதைச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. இவர்கள் வாரத்தில் ஒரு நாள் செய்கிறார்கள். புரோடீனியா ஒன்றுக்காக மட்டும் என்றால் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதே மேல், அதில் குளவி சாகாது. ஆனால் அது அந்த ஒரு இனத்து ஆண் அந்துப்பூச்சியை மட்டுமே பிடிக்கும், மருந்துக் குப்பியையும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

குளவியை விரலால் பிடிக்கவேண்டாம். பெண் குளவியின் முட்டையிடும் ஊசி மனிதத் தோலையும் குத்தும். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி எடுத்தால் போதும்.

இனப்பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஒரு சிறு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, ஒரே இரவில் ஒரே விளக்கில் விழுந்தவற்றை மட்டும் போடவேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறி அழுகியது, இறக்கை கிழிந்தது எதற்கும் உதவாது. ஊர், தேதி, பயிர், விளக்கு எரிந்த நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடவேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ காட்டலாம். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆதார நிறுவனத்திலும் பூச்சிகளை இனங்கண்டு சொல்லும் நிபுணர்கள் இருக்கிறார்கள். புழுவை வளர்த்துக் குளவி வந்திருந்தால் அது விட்டுச்சென்ற காலிக் கூட்டையும் புழுவின் தோலையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் புழுவிலிருந்து வந்தது என்பது, வெறும் விளக்கில் விழுந்த குளவியில் எவ்வளவு பெரிய நிபுணராலும் படிக்க முடியாத தகவல்.